உருகத் தெரிந்த கம்பி

குருமடத்தில் மெய்யியல் கற்றேன், இறையியல் கற்றேன், இலத்தீன் இலக்கணத்தோடும் சில காலம் மல்லுக்கட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன் என்ற சிறு செருக்கும் எனக்கு உண்டு. ஆயினும் ஒரு டார்ச் விளக்கின் பல்பை எரிய வைக்க எனக்குத் தெரிந்தது ஏறத்தாழ ஐம்பதாம் வயதில்தான். அதுவும் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கற்றுக்கொடுத்துத்தான் தெரிந்தது. அந்தப் பாடம் எனக்கு எவ்வாறு வந்தது, அதற்காக யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லதென்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

அந்த இரவு

2018ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா. அப்போது நான் கரிசல் நிலத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றி வந்தேன். கோவில் முகப்பில் இளைஞர்கள் மிகப் பெரிய குடில் ஒன்று அமைத்திருந்தனர். வைக்கோல் வேய்ந்த கூரை, களிமண் மலை, சிற்றோடை, ஓடையின் நீரை மேலேற்றும் சிறு மோட்டார், நூற்றுக்கணக்கான வண்ண விளக்குகள். இவற்றோடு குடிலின் மீது ஒளி பாய்ச்ச 500 வாட் விளக்குகள் நான்கு. சக்ரீஸ்து அறையிலிருந்து ஒரே ஒரு நீண்ட வயர் வழியாகவே இத்தனைக்கும் மின்சாரம் சென்றது. வயரில் மிஞ்சிய பகுதியைச் சுருட்டி வைக்கோலுக்கு அடியில் மறைத்திருந்தார்கள்.

மாலை ஏழு மணிக்கு ஒருமுறையும் ஒன்பது மணிக்கு ஒருமுறையும் பியூஸ் போயிற்று. எங்கள் பங்கைச் சேர்ந்த மின்பணியாளர் வந்து பார்த்தார். பத்தாண்டுகளாகக் கோவில் வேலைகளைச் செய்து வந்தவர். புதிய பியூஸ் கம்பியைக் கட்டிவிட்டு, “சாமி, இந்த வயரு இவ்வளவு லோடு தாங்காது. பெரிய லைட்டு ரெண்டைக் கழட்டிருவோம். நாளைக்குத் தனியா ஒரு லைன் இழுத்துத் தாரேன்” என்றார். விளக்குகளைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் குடிலைக் காண மக்கள் வந்துகொண்டிருந்தனர். “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பத்தரை மணிக்கு மூன்றாம் முறையாகப் பியூஸ் போயிற்று. பாடகர் குழுவினர் தேநீருக்காகக் குடிலின் அருகே மின்கெட்டில் ஒன்றைச் செருகியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. முகப்பு முழுவதும் இருள். நானே பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். கையில் கிடைத்த வயர்த் துண்டைச் சீவி, அதன் செப்பு இழைகள் ஐந்தாறைச் சேர்த்து முறுக்கிக் கட்டையில் கட்டிச் செருகினேன். விளக்குகள் எரிந்தன. மக்கள் கைதட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

நள்ளிரவுத் திருப்பலியில் நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தபோது முகப்பில் கூச்சல் எழுந்தது. குடிலின் அடியில் வைக்கோல் பற்றிக்கொண்டது. வாயிலருகே நின்ற பீடச் சிறுவன் ஒருவன், ஆறாம் வகுப்புப் படிப்பவன், திருவுருவங்களைக் காப்பாற்ற வேண்டுமென்று எரியும் வைக்கோலை இரு கைகளாலும் வாரி வெளியே இழுத்தான். கோவில்பிள்ளை ஓடிச்சென்று மெயின் சுவிட்சை அணைத்தார். மணலைக் கொட்டித் தீயை அவித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. சிறுவனின் வலது உள்ளங்கை மட்டும் வெந்துபோயிற்று. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான்.

மறுநாள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே: “வயரிங் யார் செய்தது?” பங்குப் பேரவைக் கூட்டத்தில் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். வேலையில் அசட்டை என்று முடிவாயிற்று. அதற்குப் பின் கோவில் வேலைக்கு அவரை அழைக்கவில்லை. கோவில் அழைக்காதபோது ஊரும் அழைக்கத் தயங்கியது. பியூஸ் கட்டையில் நான் கட்டிய கம்பியைப் பற்றி நான் எவரிடமும் கூறவில்லை. அதற்கும் தீக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதே சரியான வாக்கியம்.

ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரு கம்பி

2019ஆம் ஆண்டு சூலை மாதம். பங்கு இல்லத்துத் திண்ணையில் மாலை நேரப் படிப்பு வகுப்பு நடைபெறும். கை வெந்த அந்தச் சிறுவனும் வருவான்; அப்போது ஏழாம் வகுப்பு. ஒருநாள் ஒரு டார்ச் மின்கலத்தையும், சிறு பல்பையும், ஒரு சாண் நீளக் கம்பியையும் கொண்டுவந்து என் முன் வைத்தான். “சாமி, இந்த மூணை மட்டும் வச்சுப் பல்பை எரிய வைக்கணுமாம். எப்படி?” என்றான்.

இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டு, கம்பியின் ஒரு முனையை மின்கலத்தின் குமிழ்மேல் வைத்தேன். மறுமுனையைப் பல்பின் அடிப்பொட்டில் வைத்தேன். எரியவில்லை. கம்பியைச் சீவி மீண்டும் வைத்தேன். எரியவில்லை. “மின்கலம் தீர்ந்துபோயிருக்கும்” என்றேன். சிறுவன் என் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “சாமி, போறதுக்கு வழி இருக்கு. திரும்பி வர்றதுக்கு வழி இல்லையே?” என்றான்.

அவன் பல்பின் அடிப்பொட்டை மின்கலத்தின் குமிழ்மேல் நிறுத்தினான். கம்பியின் ஒரு முனையைப் பல்பின் பக்கவாட்டு உலோக வளையத்தில் சுற்றினான். மறுமுனையை மின்கலத்தின் தட்டையான அடிப்பகுதியில் தொட்டான். பல்பு எரிந்தது.

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை என்று ஓம் விதியை உறக்கத்திலும் ஒப்பிக்கக்கூடிய எனக்கு, பல்புக்கு இரண்டு வாயில்கள் உண்டென்பது தெரிந்திருக்கவில்லை. பழுதான பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். உள்ளே நிற்கும் இரண்டு மெல்லிய கால்களில் ஒன்று அடிப்பொட்டுக்குச் செல்கிறது. மற்றது பக்கவாட்டு வளையத்துக்குச் செல்கிறது. இரண்டுக்கும் நடுவே இழை. ஒரு வாயிலில் நுழைந்து, இழை வழியே நடந்து, மறுவாயிலில் வெளியேறினால்தான் ஒளி. மின்சுற்று என்ற சொல்லில் ‘சுற்று’ என்பது இதுதான்.

என் அறியாமை எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்து சிறிது ஆறுதல் கொண்டேன். 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த கல்வி ஆவணப்படம் ஒன்றில், புகழ்பெற்ற மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டமளிப்பு அங்கி அணிந்து நின்ற பட்டதாரிகளிடம் இதே மூன்று பொருள்களைக் கொடுக்கிறார்கள். முடியும் என்று தயங்காமல் சொன்னவர்களே கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். ஏட்டில் கற்றது கைக்கு இறங்காமலேயே ஒருவன் பட்டம் பெற்றுவிடலாம்.

மிச்சம் என்று ஒன்றில்லை

அன்று முதல் வாரம் இருநாள் திண்ணையில் சோதனை வகுப்பு நடந்தது. எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் மனமுவந்து வந்தார். ஒரு நிபந்தனை விதித்தார்: டார்ச் மின்கலம் தவிர வேறெதையும் பிள்ளைகள் தொடக்கூடாது, சுவரிலுள்ள பிளக்கின் அருகே எவரும் போகக்கூடாது. நானும் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தேன்.

முதலில் எது மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாது என்று பார்த்தோம். சாவி, நாணயம், பென்சிலின் கரிய குச்சி ஆகியவை கடத்தின. மெழுகுதிரி, இரப்பர், சீப்பு ஆகியவை கடத்தவில்லை. என் பையிலிருந்த உலோகச் சங்கிலிச் செபமாலை கடத்தியது. ஒரு சிறுமியின் கழுத்திலிருந்த நூல் செபமாலை கடத்தவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். உப்பு கரைத்த நீரில் டார்ச் பல்பு எரியவில்லை. ஆனால் இரண்டு மின்கலங்களுடன் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை இணைத்தபோது மங்கலாக ஒளிர்ந்தது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று தாய்மார் சொல்வதன் பொருள் அப்போது எல்லாருக்கும் விளங்கியது. வியர்வையும் உப்புநீர்தானே!

அடுத்து இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தோம். இரண்டும் மங்கலாக எரிந்தன. அவற்றில் ஒன்று சற்றே கூடுதல் மங்கல். “பாருங்கள், முதல் பல்பு தன் பங்கை எடுத்துக்கொண்டது. மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகிறது” என்று விளக்கினேன். ஆசிரியை மறுப்பேதும் கூறாமல், “இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாமே, சாமி” என்றார். மாற்றினோம். மங்கலான பல்பு முதலிடத்துக்கு வந்த பின்னும் மங்கலாகவே எரிந்தது. குறை அந்தப் பல்பின் இழையில் இருந்தது, இடத்தில் அன்று. ஒரே வழியில் செல்லும் மின்னோட்டம் வழி முழுவதும் ஒரே அளவினதே. பல்பில் மின்னோட்டம் செலவாகிவிடுவதில்லை. அது சுமந்து வரும் ஆற்றல்தான் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது.

இதனை மனத்தில் பதியவைக்க ஆசிரியை ஒரு விளையாட்டுக் கற்பித்தார். பிள்ளைகள் இருபது பேர் வட்டமாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூழாங்கல். “நகர்த்து” என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தம் கல்லை வலப்பக்கத்தவருக்குக் கொடுத்து, இடப்பக்கத்தவரிடமிருந்து வாங்க வேண்டும். கல் எங்கும் குறையவில்லை, எங்கும் குவியவில்லை. ஒரு சிறுவன் வட்டத்தை விட்டு விலகியதும் அவ்வளவு பேருடைய கைகளும் நின்றுவிட்டன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் கட்டிய பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் அணைந்ததன் காரணம் இதுவே. அந்த வரிசையில் 6 வோல்ட் பல்புகளாக 38 அல்லது 40 வைத்ததன் காரணமும் கணக்கில் வந்தது: வீட்டு மின்னழுத்தமாகிய 230 வோல்ட்டை அத்தனை பேரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டுமல்லவா?

குருக்களும் மின்சாரமும்

வட்டமாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தபோது நூல்களில் படித்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பிரான்சு நாட்டில் ழான் அந்துவான் நொலே என்பவர் இருந்தார். திருத்தொண்டர் பட்டம் பெற்றவர், இயற்பியல் வல்லுநர். 1746இல் அரசர் பதினைந்தாம் லூயி முன்னிலையில் காவல் வீரர் 180 பேரைக் கைகோத்து நிற்கச் செய்து, மின்னூட்டம் சேமிக்கும் லெய்டன் சாடியை அவர்கள் வழியே மின்னிறக்கம் செய்தார். அத்தனை பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்கள். பாரிசில் கார்த்தூசியன் துறவியரையும் அவ்வாறே துள்ளச் செய்தார். மௌன விரதம் பூண்ட அத்துறவியர் அன்று மௌனம் காத்தனரா என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை.

பொகேமியாவில் பிறந்த புரோகோப் திவிசு என்னும் பங்குத்தந்தை, 1754இல் தம் பங்கு இல்லத்துத் தோட்டத்தில் உயர்ந்த கம்பத்தின்மேல் உலோக முனைகள் பலவற்றை நிறுத்தி இடிமின்னலைத் தணிக்க முயன்றார். இத்தாலியின் வெரோனாவில் குரு சூசப்பே சம்போனி 1812இல் உலர்ந்த காகித வட்டுகளை அடுக்கி மின்னடுக்கு ஒன்று செய்தார். அயர்லாந்தின் மேனூத் குருமடப் பேராசிரியர் குரு நிக்கலஸ் காலன் 1836இல் தூண்டு சுருளை உருவாக்கினார். மின்னோட்டத்தின் வலிமையை அளக்கத் தக்க கருவியில்லாத காலம். ஆகவே குருமட மாணவர்களையே தொடச் செய்து அளந்தாராம். அவர்களுள் ஒருவர் அதிர்ச்சியில் மயங்கி விழுந்தார்; பின்னாளில் டப்ளின் பேராயரான வில்லியம் வால்ஷ் அவர். அறிவு தேடும் ஆர்வத்தில் பிறர் உடலைச் சோதனைக் கருவியாக்கும் தவறு குருக்களுக்கும் நேரும். இதைப் படித்தபோது நான் சிரித்தேன். சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

உருகிய இழை

அடுத்த வகுப்பில் பல்புகளைப் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி அமைத்து, இரண்டு மின்கலங்களுடன் இணைத்தோம். எல்லாம் முழு ஒளியுடன் எரிந்தன. ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை அணையவில்லை. நம் வீடுகளில் விளக்கும் விசிறியும் இவ்வாறே இணைக்கப்பட்டுள்ளன. இதில் குறையே இல்லை போலும் என்று நினைத்தேன். அப்போது ஆசிரியை மல்டிமீட்டர் ஒன்றைப் பொது வழியில் பொருத்தினார். ஒரு பல்பு எரிந்தபோது ஏறத்தாழ 0.3 ஆம்பியர் காட்டியது. இரண்டாவதைச் சேர்த்தால் ஏறத்தாழ 0.6. மூன்றாவதைச் சேர்த்தால் 0.9. ஒவ்வொரு பல்பும் தனக்கு வேண்டியதை மட்டுமே கேட்கிறது. ஆனால் எல்லாருக்கும் உரியதைச் சுமந்து வருவது அந்த ஒரே பொதுக்கம்பி.

பிறகு அந்தப் பொது வழியின் நடுவே மெருகிடுவதற்குப் பயன்படும் மிக மெல்லிய இரும்பு நாரிலிருந்து ஓர் இழையை வைத்து, இரண்டு முனைகளையும் நேரடியாகத் தொட்டார். பல்பே இல்லாத குறுக்கு வழி. இழை ஒரு நொடி செந்நிறமாக ஒளிர்ந்து அறுந்தது. மின்னோட்டம் நின்றது. “இதுதான் பியூஸ். மற்றக் கம்பிகள் சூடாகிக் கெடுவதற்கு முன்னால் தான் உருகி வழியை அடைத்துக்கொள்கிறது” என்றார். அந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பியை வைத்து, பொது வழியின் வேறோர் இடத்தில் காகிதத் துண்டின்மேல் இரும்பு இழையைப் படுக்க வைத்து மீண்டும் தொட்டார். இப்போது காகிதம் கருகியது. பியூஸ் இருக்க வேண்டிய இடம் குளிர்ந்தே இருந்தது.

“பாத்தீங்களா? எங்கயாவது ஓரிடம் உருகத்தான் செய்யும். அது எந்த இடம்னு நாம முன்கூட்டியே தீர்மானிச்சு வைக்கிறதுதான் பியூஸ்” என்றார் ஆசிரியை.

சிறுவன் தன் வலக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, எந்தக் கள்ளமும் இல்லாமல் கேட்டான்: “அப்படின்னா சாமி, கிறிஸ்மஸ் அன்னிக்கு நம்ம கோவில் பியூஸ் ஏன் போகலை?”

வகுப்பு முடிந்துவிட்டது என்று சொல்லி எழுந்து உள்ளே போனேன்.

அன்றிரவு தாளும் பேனாவுமாக அமர்ந்து கணக்குப் போட்டேன். 500 வாட் விளக்குகள் நான்கு: 2000 வாட். அதனை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். பாடகர் குழுவின் கெட்டில் 1500 வாட்: 6.5 ஆம்பியர். ஆக 15 ஆம்பியருக்கு மேல். அந்த வயரோ முக்கால் சதுர மில்லிமீட்டர் தடிமன். 7 ஆம்பியர் அளவே அதற்குத் தகும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஜேம்ஸ் ஜூல் 1841இலேயே வெளியிட்டார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அந்த வெப்பம் காற்றில் கலையவும் வழியில்லாமல், சுருட்டிய வயர் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. 5 ஆம்பியர் பியூஸ் கம்பி மூன்று முறை உருகி, மூன்று முறையும் எங்களை எச்சரித்தது. நான்காம் முறை உருக முடியாதபடி அதனை அடைத்தவன் நான்.

கட்டையைப் பார்த்தவர்

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் பழைய மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். அவருடைய மனைவி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஆனால் வழக்கமாகச் சொல்லும் “தோத்திரம், சாமி” அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை. பிறர் குற்றங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் எனக்கு. சொந்தக் குற்றத்தைச் சொல்ல நாக்குக்குப் பழக்கமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணிப் போயிருந்தும், வானிலையைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில், “தம்பி, அன்றைக்குப் பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டியது நான்தான்” என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு சுற்றுக் கம்பியைச் சுற்றி முடித்தார். பிறகு, “தெரியும் சாமி” என்றார்.

“தெரியுமா?”

“மறுநாள் காலையில வெள்ளனவே வந்து கட்டையைப் பிடுங்கிப் பாத்தேன். அப்படியே விட்டா இன்னொரு தீ வரும்னு பழைய கம்பியைக் கழட்டிட்டு அஞ்சு ஆம்பியர் போட்டு வச்சிட்டுத்தான் வந்தேன்.”

“ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?”

“சாமியார் மேல தப்புன்னு நான் சொன்னா, யாரு சாமி நம்புவா? சொன்னவன் இன்னும் கெட்டவனாத்தான் ஆவான்.”

கூறியவர் சினத்தோடு கூறவில்லை. ஊர் எப்படிப்பட்டது என்பதைச் சொன்னார், அவ்வளவே. ஏழு மாதமாக அவருக்கு வரவேண்டிய வேலைகள் பக்கத்து ஊர்க்காரருக்குப் போய்க்கொண்டிருந்தன. மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்க நகையை அடகு வைத்திருந்தார்கள் என்பதை அவருடைய மனைவி வாசலில் நின்றபடி சொன்னார். அவர் சொல்லாமல் விட்டதை அவர் மனைவி சொல்லியது நல்லதாயிற்று. மன்னிப்புக் கேட்டுவிட்டோம், எல்லாம் தீர்ந்தது என்ற நிம்மதியோடு நான் வீடு திரும்பாமல் காத்தது அந்தச் சொல்தான்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பு நேரத்தில், நடந்ததை மக்கள் முன் நடந்தபடியே சொன்னேன். கோவில் நிசப்தமாயிற்று. சிலர் என் நேர்மையைப் பாராட்டினார்கள். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏழு மாதம் தாழ்த்தி வந்த நேர்மைக்குப் பாராட்டு எதற்கு? வேறு சிலர், பங்குக் குருவானவர் இப்படிப் பீடத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டாம் என்றார்கள். சிறுவனின் தந்தை எதுவும் சொல்லவில்லை. பல வாரம் அவர் என் முகத்தைப் பார்க்காமலே கோவிலுக்கு வந்து போனார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

கோவில் முழுவதற்கும் புதிய வயரிங் செய்யும் பணியை அந்த மின்பணியாளரே ஏற்றார். பழைய பியூஸ் கட்டைகளை நீக்கி எம்.சி.பி. சுவிட்சுகளும், 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே சுற்றைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் பொருத்தினார். எர்த் கம்பியைப் புதிதாக இறக்கினார். முகப்புக்குத் தனி லைன் இழுத்தார். 500 வாட் விளக்குகளுக்கு மாற்றாக 50 வாட் எல்.இ.டி. விளக்குகளை வாங்கச் சொன்னவரும் அவரே. நான்கும் சேர்ந்து 200 வாட். ஓர் ஆம்பியர்கூட இல்லை. ஊர் அவரை மீண்டும் அழைக்கத் தொடங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. உடைத்த பெயரை ஒட்டவைப்பது வயரை ஒட்டவைப்பது போல எளிதன்று.

வீடுகளுக்குச் சில சொற்கள்

நிற்க. இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சில கூற விரும்புகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு டார்ச் மின்கலங்களும், சில பல்புகளும், கொஞ்சம் கம்பியும் வாங்கிக் கொடுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள், எரியாத பல்போடு அவர்கள் சிறிது நேரம் போராடட்டும். மின்கலத்தின் இருமுனைகளையும் வெறுங்கம்பியால் நெடுநேரம் இணைத்து வைத்தால் கை சுடும் என்பதையும், செல்பேசியின் பேட்டரியைக் கொண்டு இத்தகைய சோதனைகள் செய்யவே கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். சுவர்ப் பிளக்கிலுள்ள 230 வோல்ட் மின்சாரம் விளையாட்டுப் பொருள் அன்று. அது உயிரைப் பறிக்கும்.

பியூஸ் போனால் அது பழுது அன்று, செய்தி. எம்.சி.பி. விழுந்தால் மீண்டும் மீண்டும் தூக்கிவிடாமல், எதைச் செருகியபோது விழுந்தது என்று பாருங்கள். ஒரே எக்ஸ்டென்சன் பெட்டியில் அயர்ன் பெட்டி, கெட்டில், ஹீட்டர் ஆகியவற்றைச் சேர்த்துச் செருகாதீர்கள். நீண்ட வயரைச் சுருட்டியபடி பாய்க்கும் வைக்கோலுக்கும் அடியில் வைக்காதீர்கள். மின்சாரத் தீ என்றால் முதலில் மெயினை அணையுங்கள். அதற்குமுன் தண்ணீரை ஊற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “இது தாங்காது” என்று தொழில் தெரிந்தவர் சொல்லும்போது, அவர் சட்டையின் அழுக்கைப் பார்க்காமல் அவர் சொல்லைக் கேளுங்கள்.

அந்தச் சிறுவன் இன்று பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறான். உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. விரல்கள் நன்றாக மடங்குகின்றன. நான் வேறு பங்குக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். வந்த முதல் வாரமே அந்த மின்பணியாளரை வரவழைத்து இங்குள்ள பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் பார்த்துச் சொன்னவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்துமுடித்தோம்.

2024ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, முகப்பு எம்.சி.பி. விழுந்து குடில் இருண்டது. இளைஞன் ஒருவன் அதைத் தூக்கிவிட ஓடினான். நான் அவனை நிறுத்திவிட்டு, குடிலின் பின்புறம் சென்று பார்த்தேன். யாரோ ஒருவர் தேநீருக்காகக் கெட்டிலைச் செருகியிருந்தார். அதைக் கழற்றினோம். வயரை முழுதும் தடவிப் பார்த்து, எங்கும் சூடில்லை என்று கண்ட பிறகே சுவிட்சைத் தூக்கினோம். ஏறத்தாழ பத்து நிமிடம் மக்கள் இருளில் காத்திருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.